அப்பா தேர்ந்தெடுத்த வால்வு ஸ்பிரிங்குகள்

மண்ணெண்ணெய் வாசனை எங்கேயாவது லேசாக வந்தால் போதும், கல்கத்தா லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருந்த கீழ்வீட்டின் மத்தியானங்கள் எனக்குத் திரும்பி வந்துவிடும். சாம்பார் வைக்கும் எவர்சில்வர் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி, எங்கள் பழைய அம்பாசடரின் வால்வு ஸ்பிரிங்குகளை அப்பா அதில் ஊறப்போட்டிருப்பார். சட்டியை அசைத்தால் அவை ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி சிவப்புத் தரையில் படுத்து, மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே பாதித் தூக்கத்தில் மிதப்பேன். அம்மா மட்டும் அந்தச் சட்டியைப் பார்க்கும்போதெல்லாம் முணுமுணுப்பாள்.

இத்தனையும் அம்மாவுக்காகத்தான் நடந்தது. தூத்துக்குடியில் கடலைப் பார்த்து வளர்ந்தவள், கல்யாணமாகிக் கல்கத்தா வந்ததிலிருந்து கடலையே பார்க்கவில்லை. அப்பா கங்கைக் கரைக்குக் கூட்டிப்போனால், "ஆறு பெருசுதான், ஆனா அக்கரை தெரியுதுல்லா" என்பாள். அந்த வருஷம் துர்க்கா பூஜை விடுமுறையில் நம் காரிலேயே தீகா கடற்கரைக்குப் போகிறோம் என்று அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். மேல்வீட்டு மிதாலி மாஷி படியிறங்கும்போதெல்லாம், "கீ தாதா, தீகா கபே?" என்று, எப்போது தீகா என்று அப்பாவைச் சீண்டுவாள்.

காரோ நகரத்துக்குள் சாதுவாக ஓடும். நெடுஞ்சாலையில் கொஞ்சம் வேகமெடுத்தால் "மிஸ் அடிக்கும்", அதாவது இருமிக்கொண்டே திணறும். எஞ்சினுக்குள் கேம்ஷாஃப்ட் என்றொரு தண்டு சுழல்கிறது, அதிலுள்ள புடைப்புகள் வால்வுகளைத் திறக்கின்றன, திறந்ததை ஸ்பிரிங் இழுத்து மூடுகிறது என்று அப்பா எனக்கு விளக்கியிருந்தார். எங்கள் காரின் ஸ்பிரிங்குகள் வயதாகித் தளர்ந்துவிட்டன. வேகத்தில் அவற்றால் வால்வை உரிய நேரத்தில் மூட முடியவில்லை. புது ஸ்பிரிங் வாங்கினால் தீர்ந்தது.

எந்த ஸ்பிரிங் என்பதில்தான் அப்பா சறுக்கினார். அவருக்குக் கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் வேலை. எதைச் செய்தாலும் புயலை நினைத்துச் செய்து பழகிய கை. வீட்டில் துணி காயப்போடும் கொடிக்குக்கூட கப்பல் கயிறுதான் கட்டியிருந்தார். மல்லிக் பஜார் உதிரிபாகக் கடையில் கம்பெனி ஸ்பிரிங்கும் இருந்தது, ரேஸ் கார்களுக்கான தடித்த ஸ்பிரிங்கும் இருந்தது. அவர் தடித்ததை வாங்கி வந்தார். பழையதையும் புதியதையும் முனைக்கு முனை சேர்த்து "வைஸ்" என்ற இடுக்கிப் பிடியில் வைத்து இறுக்கிக் காட்டினார். பழையது அப்பளமாக ஒடுங்கியது. புதியது அசையவே இல்லை.

"பாத்தியா, இரும்புன்னா இப்படி நிக்கணும்!" என்றார். நாங்கள் அசந்துபோனோம்.

அந்த ஸ்பிரிங்குகளோடு ஒரு மாதம் கார் அலுவலகத்துக்கும் லேக் மார்க்கெட்டுக்கும் ராஜநடை போட்டது. பூஜை தொடங்கும் சஷ்டியன்று விடியலில், எங்கும் டாக்கு மேளச் சத்தம் கேட்க, புளியோதரைப் பொட்டலங்களோடு கிளம்பினோம். கோலாகாட் பாலம் வருமுன்பே முன்னாலிருந்து "டக் டக்" என்றொரு தட்டல் எழுந்தது. வரவர அது பலத்தது, வண்டியோ சோர்ந்தது. அப்பா ஓரங்கட்டி எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பாலத்துக்கு இப்பால், ரூப்நாராயண் நதிக்கரையில் உட்கார்ந்து புளியோதரையைச் சாப்பிட்டோம். அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயும் அக்கரை தெரியுது" என்றாள். திட்டியிருந்தால்கூட அப்பாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஊர்ந்து ஊர்ந்து வீடு திரும்பி எஞ்சினைப் பிரித்தபோது காரணம் தெரிந்தது. ஸ்பிரிங்கின் முரட்டு அழுத்தம் தாங்காமல், சாதாரண ஓட்டத்துக்கென்று செய்த கேம்ஷாஃப்டின் புடைப்புகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. எஞ்சினைக் காப்பாற்ற வாங்கிப் போட்ட பலமே அதைத் தின்றுவிட்டது. பூஜை முடிந்தது, காளி பூஜையும் போனது, மிதாலி மாஷியும் சீண்டுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் மிகவும் அவமானமாக இருந்தது.

புது கேம்ஷாஃப்ட், அதே கம்பெனி அளவில், கார்த்திகையில் வந்தது. இந்த முறை அப்பா கடையிலிருந்து பல ஜோடி ஸ்பிரிங்குகளைக் கேட்டு வாங்கி வந்து, நாள் முழுக்க வைஸ் முன்னால் உட்கார்ந்திருந்தார். கம்பெனி ஸ்பிரிங்கை வைத்து இறுக்கினால் பழையதும் புதியதும் சேர்ந்தே ஒடுங்கின, பழையது கொஞ்சம் கூடுதலாக. அவருக்கு மனம் ஒப்பவில்லை; இவ்வளவு பூஞ்சையாகவா இருக்கும் என்று சந்தேகப்பட்டார். முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"முறுக்கு மாவுல போயி இடியாப்பம் பிழியுத பலத்தக் காட்டுனா, உரல் கைப்பிடிதான் வளையும். அது கேக்குத அளவுக்கு அமுக்குனாப் போதாதா? ஏன் இப்படிக் கெடந்து மல்லுக்கட்டுதீங்க?"

அப்பா சிரித்துவிட்டார். பூஜைக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். மெல்லிய ஸ்பிரிங்குகளே காருக்குள் போயின.

தை மாதத்துப் பனியில் தீகா போய்ச் சேர்ந்தோம். வழி நெடுக எஞ்சின் தாலாட்டுப் போல முனகிக்கொண்டே வந்தது. மூட்டத்துக்குள் தென்னைகளும் குளங்களும் வந்து வந்து கரைந்தன. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையோடு தண்ணீருக்குள் நடந்தாள். முழங்காலளவு ஆழத்தில் நின்று அக்கரையே இல்லாத அந்தச் சாம்பல் வெளியைப் பார்த்து அழுதாள். நான் அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன், கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அப்பா கரையில், மூடியைத் திறந்து வைத்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்குக் காது கொடுத்து நின்றார். வரச்சொல்லி அம்மா கையாட்டினாள்.

"நீ அதப் பாரு தாயி, நான் இதக் கேட்டுக்கிட்டு நிக்கேன்" என்று அங்கிருந்தே கத்தினார்.

பல வருஷம் கழித்து, வண்டிக்கு வயதாகிவிட்டது, இனிச் சாலையில் ஓட்டக்கூடாது என்று அரசாங்கத்தில் சொல்லிவிட்டார்கள். அது பழைய இரும்பாகப் போயிற்று. கீழ்வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. அப்பாவும் போய்விட்டார். சென்ற மாதம் அம்மாவை என் புதுக் காரில் தீகாவுக்குக் கூட்டிப்போனேன். கோலாகாட் தாண்டியதும் அவள் ஏதோ தேடுகிறவள் போல முன்பக்கம் சாய்ந்து உற்றுக் கேட்டாள்.

"ஏட்டி, சத்தமே இல்லையே. இதுல ஸ்பிரிங்கெல்லாம் எங்க இருக்கு?"

"இது பேட்டரி வண்டிம்மா. வால்வும் கிடையாது, ஸ்பிரிங்கும் கிடையாது."

அம்மா மறுபடி சாய்ந்து உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப உங்கப்பாவுக்கு இதுல ஒரு சோலியும் இல்ல" என்றாள்.

எனக்குச் சாலை மங்கிவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திக்கொண்டேன்.