எதிர்ப்பக்கத்து ஸ்டாப்

தமிழ்செல்வி கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்க மறுத்து அன்றோடு ஒன்பதாவது நாள். நெடுஞ்சாலையில், அவள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் பஸ் நிற்கும். மற்றவர்கள் இறங்கி, நடுவில் கம்பி வேலி பிய்ந்து கிடக்கும் சந்து வழியாக லாரிகளுக்கு இடையில் ஓடுவார்கள். இவள் மட்டும் ஜன்னலோரம் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். பாலத்தில் திரும்பி வந்து வீட்டுப் பக்கமே இறக்கிவிட வேண்டும் என்பாள். அதற்கு ஐந்து கிலோமீட்டர் கூடுதல். டிரைவர் ராமப்பன் முதல் நாள் கெஞ்சினார், இரண்டாம் நாள் திட்டினார், மூன்றாம் நாளிலிருந்து வாயே திறக்காமல் சுற்றி ஓட்டினார். அதே பஸ்ஸில் மேற்கொண்டு மத்திகிரிக்குப் போகிறவர்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். கம்பெனியில் பஸ்களைக் கவனிக்கும் கமலக்கண்ணனுக்கு விஷயம் போயிற்று. இப்படியே அடம்பிடித்தால் ஒன்றாம் தேதியிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவளைப் போன்ற கான்ட்ராக்ட் ஆளுக்கு அதற்குமேல் பேச்சு கிடையாது.

பயம் இல்லாமல் இல்லை. இந்த வேலையை நம்பித்தான் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் அவள் பிறந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் நெஞ்சு முழுக்கக் கோபம்தான் இருந்தது. பயத்துக்கு இடமில்லை.

ஸ்வாதி செத்து இரண்டு வாரம். இருபத்து நான்கு வயது, மாநில எல்லையோரப் பாகலூர்ப் பெண். காருக்கு வயர் கட்டும் மேஜையில் இவளுக்குப் பக்கத்து இடம், பிறகு ஒரே வாடகை அறை. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், இவளிடம் தமிழ்; சண்டை வந்தால் மூன்றும் ஒன்றாக வரும். ராகிக் களி தின்னக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். மென்று மென்று இவள் முழி பிதுங்கியபோது, மெல்லக் கூடாது, அப்படியே விழுங்கு என்று மண்டையில் ஒரு தட்டு தட்டினாள். இவளுக்கு ஜுரம் வந்தபோது இரண்டு நாள் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டு, அதையே சொல்லிச் சொல்லி ஒரு மாதம் பாத்திரம் கழுவவைத்த கைகாரி. ரோட்டை மட்டும் இவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவாள். அன்று இவளை ஓவர்டைம் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பட்டப்பகல் மூன்று மணிக்கு ஸ்வாதி தனியாகத் தாண்டினாள். லாரி அடித்தது.

கேட்டுக்கு வெளியே நடந்ததற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றார்கள். மாலை போட்டார்கள், இரண்டு நிமிடம் எல்லோரையும் நிற்கவைத்தார்கள், மூன்றாவது நிமிடம் உற்பத்தி லைன் ஓடியது. பிறகு கேன்டீன் சுவரில் அவள் படத்தை ஒட்டி, கீழே ‘சாலையைக் கவனமாகக் கடப்போம்’ என்று எழுதினார்கள். செத்தவள் தலையிலேயே பழியைக் கட்டிவிட்டு அதற்குச் சட்டம் போட்டு மாட்டாத குறை. தமிழ்செல்வி அதைக் கிழித்தெறிந்தாள். யார் கிழித்தது என்று கேட்டவர்களிடம் நான்தான் என்றாள். அன்று பஸ் ஏறியவள்தான், எதிர்ப்பக்கத்தில் இறங்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் கமலக்கண்ணனே பஸ்ஸில் ஏறி வந்தார். ஸ்டாப்பில் வண்டி நின்றதும் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். முன்பு பஸ் பாலத்தைச் சுற்றித்தான் போயிற்று. மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், சுற்றிப் போனால் பிடிக்க முடிவதில்லை, எதிர்ப்பக்கமே இறக்கிவிடுங்கள் என்று இருபத்தொரு பேர் எழுதிக் கேட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து யாருடையது என்று பார்த்துக்கொள் என்று தாளை அவள் மடியில் போட்டார்.

அவள் அதைக் குனிந்து பார்க்கவில்லை.

“என்னோடதுதேன் சார். எழுதினதும் நான்தேன். ஸ்வாதி போட மாட்டேன்னா. ‘பயமா இருக்குதுக்கா, சுத்தியே போலாம்’னு கெஞ்சுனா. உன் ஒருத்திக்காக இத்தன பேரும் தண்ணியில்லாமக் கெடக்கணுமான்னு ஏசித்தேன் கையெழுத்து வாங்குனேன்.”

அப்புறம் உனக்கு யார்மேல் கோபம் என்று கமலக்கண்ணன் கேட்டார்.

“என் மேலயுந்தேன். ஆனா சார், உக்கார ஸ்டூல் கேட்டு எழுதிக் குடுத்தோம், ரெண்டு வருசமாச்சு. பாத்ரூம் கதவுக்குத் தாப்பா கேட்டோம், இன்னும் வரல. இதைத் திங்கக்கெழம குடுத்தோம், செவ்வாக்கெழமயே இங்க நிறுத்திட்டீங்க. நாங்க கேட்டு நீங்க ஒடனே குடுத்தது இது ஒண்ணுதேன்.”

கமலக்கண்ணன் கதவைத் திறக்கும்படி டிரைவருக்குக் கை காட்டினார். ராமப்பன் திறந்தார். இறங்க வேண்டியவர்கள் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ராமப்பன் கதவைச் சாத்தி, பாலத்தை நோக்கி வண்டியை எடுத்தார்.

தமிழ்செல்விக்கு அப்போதும் ஆறவில்லை. பயமாக இருக்கிறது என்று சொன்னவள் அந்தச் சொல்லிலேயே நின்றிருக்கக் கூடாதா, இவள் பேச்சைக் கேட்டுத் தொலைத்தாளே என்று, இத்தனை நாளும் வராத கோபம் ஸ்வாதியின் மேல் வந்தது.