என் தலைவலிக்குக் காரணம் என் வீட்டுக்காரர்

காலையில் நன்றாகத் தூங்கி எழுந்தேன். ஆனால் என் ஸ்மார்ட்வாட்ச், "தூக்கம் மோசம்" என்று போனில் காட்டியது. உடனே தலை வலித்தது.

என் கணவர், "ராத்திரி கண்ணே மூடல லா!" என்று புலம்பியபடி எழுந்தார். அவர் போனிலோ, "அருமையான தூக்கம்". பார்த்ததும் விசிலடித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

வேலைக்குப் போகும் வழியில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு கடையில் தோசை சாப்பிட உட்கார்ந்தோம். என் கையை உற்றுப் பார்த்தார்.

"இந்தக் கீறல் என் வாட்ச்ல உள்ளதாச்சே?"

ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் இப்படித்தான். மாற்றிக் கட்டியிருக்கிறோம்! அவர் புரண்டது என் போனில், நான் தூங்கியது அவர் போனில்.

கடையே திரும்பிப் பார்க்கச் சிரித்தோம். என் தலைவலி பறந்தது.

"அப்ப நான் தூங்கவே இல்லையா?" என்றவர் அங்கேயே கொட்டாவி விட்டார்.

மக்களே, நீங்கள் கட்டியிருப்பது உங்கள் வாட்ச்தானா?