ஞாயிற்றுக்கிழமை மகன்

கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தைப் போட்டு உடைப்பார்கள், சிலர் ஃபேஸ்புக்கில் கொட்டுவார்கள். நிரஞ்சனி டெக் செய்தாள். கூடப்பிறந்த அண்ணனை முப்பது சீட்டில் அடைத்து, சனிக்கிழமைதோறும் ஊரான் கையில் கொடுத்து உதை வாங்க வைக்க வேண்டும் என்று கிளம்பினாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவள் வயிற்றெரிச்சல் அவளுக்குத்தான் தெரியும்.

விளையாட்டு இதுதான். நடுவில் ஒரு போர்டு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு வீரனை எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு வீரனுக்கும் அவனுக்கென்றே முப்பது சீட்டு, அதற்குப் பேர் டெக். அடிக்கிற சீட்டு இருக்கும், தடுக்கிற சீட்டு இருக்கும், தந்திரச் சீட்டும் இருக்கும். கூடவே ஒரு எடுபிடி, குட்டிப் பொம்மையாக. யாருடைய வீரனுக்கு உயிர் முதலில் தீர்கிறதோ அவர் தோற்றார். கம்பெனி போடுகிற வீரர்கள் போதாதென்று, ஆடுகிறவர்களே தங்கள் மனதுக்குப் பிடித்த ஆளை வீரனாக்கி, சீட்டு வரைந்து, அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்வதும் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் கிரிதரன் நடத்துகிற போர்டு கேம் கஃபேயில் அப்படி ஒரு கூட்டம் இருந்தது. அவர்கள் செய்த டெக்குகளுக்கென்றே ஒரு தனி அலமாரி.

நிரஞ்சனி பிறந்து வளர்ந்ததெல்லாம் பிரிக்பீல்ட்ஸ்தான். அப்பா சண்முகரத்தினம் அரசாங்கக் கிளார்க்காக இருந்து, பென்ஷன் வாங்கிய கொஞ்ச காலத்தில் போய்ச் சேர்ந்தார். அண்ணன் ஐங்கரன் எஞ்சினியர். செராஸில் வீடு, மனைவி ஜெயமாலா பேங்கில் வேலை. நிரஞ்சனி கட்டட வரைபடம் போடுகிறவள். படிக்கட்டு, தூண், கக்கூஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து சம்பாதித்துக்கொண்டு தன்பாட்டில் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு அது ஒரு குறையாகவும் படவில்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனபோது, ஆஸ்பத்திரி நடையிலேயே வைத்து அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். "நீ தனியாத்தானே இருக்க." அவ்வளவுதான், முடிந்தது கதை. முடியுமா என்று கேட்கவில்லை, நாம் எப்படிப் பார்ப்பது என்று பேசவில்லை. கல்யாணம் ஆகாத பெண் என்றால் குடும்பத்துக்கு ஸ்பேர் டயர் என்று நினைப்பு. நிரஞ்சனி வேலையை விட்டாள். ஐந்து வருஷம் அம்மாவைத் தூக்கினாள், புரட்டினாள், பேம்பர்ஸ் மாற்றினாள், கஞ்சியைக் கரைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். அம்மா துப்பினால் துடைத்தாள். கடைசி இரண்டு வருஷம் அவளே முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவார். ஒரு பை ஆப்பிளோடு வருவார். அம்மாவால் மெல்ல முடியாது என்று தலைபாடாக அடித்துக்கொண்டாலும் ஆப்பிள்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வார். ஒரு படம் எடுக்கப்படும். சாயங்காலத்துக்குள் அது குடும்ப வாட்ஸ்அப்பில் ஏறிவிடும். இப்படி ஒரு பிள்ளையைப் பெறக் கொடுத்துவைக்க வேண்டும் என்று கிள்ளானிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் சொந்தக்காரர்கள் உருகுவார்கள். அந்தப் படங்களை எடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நிரஞ்சனிதான். "கொஞ்சம் கிட்ட வந்து எடுமா, என் முகம் தெரியல" என்பார் அண்ணன்.

அம்மா போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, பந்தி தொடங்குமுன் அண்ணன் எழுந்து நன்றி சொன்னார். டாக்டருக்குச் சொன்னார், ஐயருக்குச் சொன்னார், ஜெயமாலாவின் பொறுமைக்குச் சொன்னார், கேட்டரிங்காரரைக்கூட விடவில்லை. நிரஞ்சனியின் பேர் வரவில்லை. அவள் அப்போது குனிந்து வாழை இலை போட்டுக்கொண்டிருந்தாள். மீதி இலைகளையும் போட்டு முடித்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இலைக்கட்டைத் தூக்கி அவர் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டாமா?

துக்கம் ஆறியதும் கிள்ளானில் ஒரு வரைபட ஆபீஸில் மறுபடி வேலை கிடைத்தது. கோமுட்டர் ரயிலில் போய் வந்தாள். சனிக்கிழமைகளில் கிரிதரனின் கஃபேக்கு ஏறினாள். அங்கேதான் இந்த டெக் பிறந்தது. வீரனின் பேர் ஞாயிற்றுக்கிழமை மகன். அவனுடைய எடுபிடி, தங்கச்சி. இது யார் என்று கஃபேயில் அவள் மூச்சுவிடவில்லை, சும்மா கற்பனை என்று சொல்லிவைத்தாள்.

முதலில் செய்த டெக்கில் மகன் ஒரு உதவாக்கரை. அடித்தால் குறி தப்பும், தடுத்தால் சறுக்கும். எவன் அடித்தாலும் விழுந்தான். நிரஞ்சனிக்குப் பார்க்கப் பார்க்க இனித்தது. மற்றவர்களுக்கு இனிக்கவில்லை.

"என்னக்கா இது, ஆளுக்கு ஒண்ணுமே தெரியல" என்றான் லோகன். பகலில் லோரி ஓட்டுகிறவன், சனிக்கிழமை வந்தால் கஃபேயில் அவன் வாய்தான் பெரிய வாய். "இவன எவன் எடுப்பான்?"

கிரிதரன் வைத்திருந்த சட்டமும் அப்படி. ஒரு டெக் ஏறத்தாழ பாதி ஆட்டம் ஜெயிக்க வேண்டும், பாதி தோற்க வேண்டும். சும்மா அடி வாங்குகிற டெக்குக்கு அலமாரியில் இடமில்லை. இன்னொன்றும் உண்டு. டெக்கைச் சோதிக்கும்போது அதைச் செய்தவர் பக்கத்தில் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. சீட்டுதான் பேச வேண்டும். கடைசிச் சோதனையை இதுவரை அந்த டெக்கைப் பார்த்தேயிராத ஆளை வைத்துச் செய்வார்கள்.

ஆக, அண்ணனை அலமாரியில் ஏற்ற வேண்டுமானால் அவருக்குத் திறமை கொடுத்தாக வேண்டும். என்ன திறமை, மண்ணாங்கட்டித் திறமை என்று ஒரு வாரம் சீட்டைத் தொடவே இல்லை. அப்புறம் கோமுட்டரில் நின்றுகொண்டே யோசித்தாள். ஒன்றும் தெரியாத ஆள் என்றால் ஐந்து வருஷம் என்னை எப்படி மேய்த்தார்? அவர் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை, கை ஓங்கியதில்லை. அடி தன் பக்கம் வரும்போதெல்லாம் அந்த இடத்தில் வேறு ஆள் நின்றது. அந்த ஆள் யார் என்று அவளுக்குத் தெரியாதா?

அதை அப்படியே சீட்டாக்கினாள். "படம்" என்றொரு சீட்டு. தங்கச்சி எதிரியை அடித்தால் மகனுக்கு உயிர் ஏறும். "ஆப்பிள்" என்றொரு சீட்டு. எதிராளி கையிலிருக்கும் நல்ல சீட்டு ஒன்றைப் போட்டுவிட்டு உதவாத சீட்டு ஒன்றை வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, "நீ தனியாத்தானே இருக்க". மகன்மேல் எந்த அடி வந்தாலும் தங்கச்சி அவன் இடத்தில் வந்து நின்று முழுசாக வாங்கிக்கொள்வாள். அவளுக்கு இருப்பதோ கொஞ்சம் உயிர்.

டெக் பாதிக்குப் பாதி ஜெயிக்க ஆரம்பித்தது. அதோடு விட்டதா? ஆளாளுக்கு இவனே வேண்டும் என்றார்கள். "செம கேடிக்கா இவன்" என்று லோகன் கொஞ்சினான். உதை வாங்கட்டும் என்று பெற்றுவிட்ட பிள்ளை ஊருக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. நிரஞ்சனிக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நிஜத்திலும் அவரைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும், சீட்டிலும் அவரைத்தானா?

இந்த நேரம் பார்த்து அண்ணனிடமிருந்து போன் வந்தது. ஜெயமாலாவின் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டதாம்.

"மாமிக்கு ஆள் இல்லாம முடியாதுமா. கொஞ்ச நாளைக்கு செராஸ் வந்து இரு. ஜெயமாலாவுக்கு ஆபீஸ் இருக்கு."

"எனக்கும் ஆபீஸ் இருக்கு அண்ணா."

"உன்னோடது வரையறதுதானே. வீட்டுல இருந்தே செய்யலாம்லா."

முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. யோசிக்கிறேன் என்றாள். போனை வைத்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். யோசிக்க என்னடி இருக்கிறது, அவருக்கு மாமி, உனக்கு யார்? ஆனால் ஒரு தடவை யோசிக்கிறேன் என்று சொன்னால் அது சரி என்று சொன்ன மாதிரிதான், அண்ணனுக்கு அது நன்றாகத் தெரியும். சனிக்கிழமை நேரில் வருகிறேன், கையோடு கூட்டிப்போகிறேன் என்று மெசேஜ் அனுப்பினார்.

வந்தார். அவள் விலாசம் அனுப்பியிருந்த கஃபேயின் படியேறி, பார்க்கிங் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே நெற்றியைத் துடைத்தார். நிரஞ்சனி, "என் அண்ணன்" என்றாள். கிரிதரனுக்கு வாயெல்லாம் பல். கடைசிச் சோதனைக்குப் புது ஆளைத் தேடிக்கொண்டிருந்தவன் ஆயிற்றே.

"உக்காருங்க அண்ணே, ஒரே ஒரு ஆட்டம். உங்க தங்கச்சி செஞ்ச டெக்தான்."

தடுத்திருக்கலாம். நிரஞ்சனி தடுக்கவில்லை. படிக்கட்டும், நன்றாகப் படிக்கட்டும் என்று தோன்றியது. எதிரே லோகன் உட்கார்ந்தான். பக்கத்து நாற்காலியில், சட்டப்படி வாயை மூடிக்கொண்டு, அவள்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக வாய்விட்டுப் படித்தார். பேரைக் கேட்டே சிரித்தார். "ஆப்பிள்" சீட்டை லோகனிடம் நீட்டி, "சாப்பிடு தம்பி, உடம்புக்கு நல்லது" என்றார். லோகன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சுற்றி ஒரு கூட்டம் கூடிவிட்டது. பத்து நிமிஷத்தில் கஃபே முழுக்க அவர் பக்கம். நிரஞ்சனி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு சீட்டும் அவள் பட்ட பாடு. அதைப் படித்துவிட்டு இந்த மனுஷனால் எப்படிச் சிரிக்க முடிகிறது?

பாதி ஆட்டத்தில் ஒரு சீட்டை எடுத்தார். அதை மட்டும் வாய்விட்டுப் படிக்கவில்லை. உதடு அசைந்து நின்றது. கண்ணாடிக்கு மேலாக நிரஞ்சனியைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். எந்தச் சீட்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. காதோரம் சிவந்தது.

லோகன் அந்த நேரம் தன்னிடமிருந்த பெரிய அடியை இறக்கினான். அடி விழுந்தால் மகன் காலி. விழவிடுவாரா? ஒரே ஒரு விளையாட்டுத்தானே, தோற்றால் என்ன குடி முழுகிப்போகும்? நிரஞ்சனி அவர் கையையே பார்த்தாள். கீழே வைத்துவிடுங்கள் அண்ணா என்று மனதுக்குள் கெஞ்சவே கெஞ்சினாள்.

அண்ணன் அந்தச் சீட்டைப் போட்டார். தங்கச்சியை மகனின் இடத்தில் கொண்டுவந்து வைத்தார். அடி விழுந்தது. செத்த பொம்மையை அவரே இரண்டு விரலால் எடுத்து மேசை ஓரமாக வைத்தார். அப்புறம் நாலைந்து சுற்றில் ஆட்டத்தையும் ஜெயித்தார். கை தட்டினார்கள்.

சோதனை முடிந்ததும் புது ஆளிடம் கருத்துக் கேட்பது வழக்கம். கிரிதரன் ஆர்வமாகக் கேட்டான். "எதை மாத்தலாம் அண்ணே?"

அண்ணன் யோசித்தார். நிஜமாகவே பொறுப்பாக யோசித்தார். "தங்கச்சிக்கு உயிர் பத்தல. சீக்கிரம் போயிடுறா. கொஞ்சம் கூட்டிக் குடுங்க, இன்னும் ரெண்டு அடி தாங்குவா."

"நல்ல பாயிண்ட்" என்றான் கிரிதரன்.

"கூட்டமாட்டேன்" என்றாள் நிரஞ்சனி.

குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. லோகன் சிரிப்பை நிறுத்தினான்.

"அவள எடுத்துடப் போறேன். இவன் தனியா நின்னு சண்டை போடட்டும். மாமியப் பாக்க நான் வரல அண்ணா."

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துச் சிரித்தார். அந்த வாட்ஸ்அப் சிரிப்பு. "இதெல்லாம் இங்க எதுக்குமா. வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல அஞ்சு வருஷம் இருந்தேனே, அப்ப பேசுனீங்களா?" அவள் விடவில்லை. "அம்மாவ யாரு பாத்தாங்கன்னு இவங்ககிட்ட சொல்லுங்க. ஒரு தடவை சொன்னா போதும். சொல்லுங்க, இப்பவே உங்ககூட செராஸ் வரேன்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார், துணியால் துடைத்தார், மறுபடி மாட்டினார். லோகனைப் பார்த்தார், கிரிதரனைப் பார்த்தார். கூட்டத்தில் இன்னும் அவரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் பார்த்தார்.

"எல்லாருமாச் சேந்துதான் பாத்தோம்" என்றார்.

கார் சாவியை எடுத்துக்கொண்டு, கிரிதரனிடம் நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினார். நீதான் பார்த்தாய் என்று ஒரு வரி. அதைச் சொல்லியிருந்தால் அவள் கிள்ளான் வேலையை உதறிவிட்டு, அவர் காரிலேயே ஏறிப் போயிருப்பாள். மாமியைத் தூக்கியிருப்பாள், புரட்டியிருப்பாள், இன்னொரு ஐந்து வருஷம் ஓட்டியிருப்பாள். அவ்வளவு மலிவாகத் தன்னை விலைபேசிவிட்டாளே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த விலைகூட அவருக்கு அதிகமாகப் பட்டிருக்கிறது. அவர் சொல்லாதது நல்ல வேளை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லிக்கொள்ளும்போதே அழுகை வந்தது, அழுதாள்.