கீழ்த்தளத்தில் இருந்தவரைக் கூப்பிடாத டாக்டர்

நீதிமன்ற வராந்தாவில் அன்றைய வழக்குப் பட்டியல் ஒட்டியிருக்கும் பலகைக்கு முன்னால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, ஸ்கோப் டாக்டர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நிற்பார். தன் வழக்கு எத்தனையாவது என்று தெரிந்த பிறகும் நகர மாட்டார். தனக்கு மேலே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் படிப்பார். "சைக்கிள் திருடுன கேஸ் மூணாவது, நான் ஏழாவதா?" என்று ஒருநாள் வக்கீலிடம் கேட்டேவிட்டார்.

"சார், இங்க முதல்ல வர்றவனுக்குப் பரிசு ஒண்ணும் தர்றதில்ல. பேசாம உட்காருங்க."

வயது ஐம்பத்திரண்டு. குழாயை உள்ளே விட்டு வயிற்றையும் குடலையும் பார்ப்பது தொழில். அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குழாயின் நுனியைத் திருப்பும் சக்கரத்தை இடது கட்டைவிரலால் உருட்டுவார். மற்றவர்கள் முட்டி நிற்கும் வளைவை அவர் பேசிக்கொண்டே தாண்டுவார். சும்மா இருக்கும்போதும் அந்த விரல் காற்றில் உருண்டுகொண்டே இருக்கும். "இப்ப யாரு வயித்துக்குள்ள இருக்கீங்க? சாப்பாடு ஆறுது" என்பாள் மனைவி.

இவ்வளவு இருந்தும் அவருக்கு ஒரு மனக்குறை. அவரிடம் வந்து பிழைத்துப் போனவர்கள் யாருக்கும் அவர் முகம் நினைவில் இருக்காது. ஊசி போடும்போது தலைமாட்டில் நிற்பவர் மயக்க டாக்டர். கண் விழிக்கும்போது முதலில் தெரிகிற முகமும் அவருடையதுதான். "சொல்லுங்கம்மா, காலைல என்னென்ன சாப்பிடாம வந்தீங்க?" என்று ஒரு கேலி செய்வார், பயந்து வந்தவள் சிரித்துக்கொண்டே தூங்கிப்போவாள். எழுந்ததும், "நல்லா இருப்பீங்க டாக்டர், என்னைக் காப்பாத்திட்டீங்க" என்பது அவருக்குத்தான். முக்கால் மணி நேரம் இடுப்பொடிய நின்று வேலை பார்த்தவர் சுவரோரமாகக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

இரண்டு பேரும் ஒரே கல்லூரி, ஒரே விடுதி அறை. மதிப்பெண்ணில் ஸ்கோப் டாக்டர்தான் எப்போதும் முன்னால். ஆனாலும் விடுதிச் சமையல்காரர் கேட்காமலே இரண்டாம் தடவை பரிமாறியது மற்றவருக்கு. கல்யாணமான புதிதில் மனைவி ஒருமுறை, "உங்க ஃப்ரெண்டு மாதிரி கொஞ்சம் சிரிச்சுப் பேசுனா என்னவாம்?" என்றாள். சொன்னவள் மறந்துவிட்டாள். அவர் அதைச் செருப்புக்குள் விழுந்த கல்லைப் போல உதறவும் முடியாமல் இருபது வருடம் நடந்தார்.

பிறகு ஒருநாள், குடலில் கட்டி எடுத்துவிட்ட வங்கி மேலாளர் ஒருவர் நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். கடிதம் மயக்க டாக்டருக்கு. ஆஸ்பத்திரிக்காரர்கள் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். அந்த வாரத்திலிருந்து சின்னக் கேஸ்களுக்கெல்லாம் ஸ்கோப் டாக்டர் தானே மயக்க மருந்து கொடுக்க ஆரம்பித்தார். "இதுக்கெல்லாம் எதுக்கு அவனை மாடியேற வைக்கணும்?" என்றார் சிஸ்டரிடம். கேட்க அக்கறை மாதிரிதான் இருந்தது.

மயக்கத்தில் இருப்பவரின் விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். ரத்தத்தில் உயிர்க்காற்று குறைந்தால் இயந்திரம் கத்தும். கையில் பிரஷர் பட்டையும் சுற்றுவார்கள்; அது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக இறுகும். இரண்டும் ஒரே கையில் இருந்தால், பட்டை இறுகும்போதெல்லாம் விரலுக்கு ரத்தம் போகாமல் இயந்திரம் வெறுமனே கத்தும். அதனால் மயக்க டாக்டர் கிளிப்பை எப்போதும் அடுத்த கையில் மாட்டுவார். ஸ்கோப் டாக்டர் கைக்கு எட்டிய ஒரே கையில் இரண்டையும் மாட்டினார்.

முதல் நாளே சிஸ்டர் சொன்னாள்: "சார், அவரு இதை அந்தக் கையிலதான் மாட்டுவாரு."

"அவரு, அவரு! அவருகிட்டயே போய் வேலை பாரும்மா."

அதன் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. இயந்திரம் கத்தினால் பட்டைதான் இறுகுகிறது என்று சத்தத்தை அமுக்கப் பழகிக்கொண்டாள். ஏழு மாதம் ஒன்றும் ஆகவில்லை. கண் விழித்தவர்கள் முதலில் பார்த்தது ஸ்கோப் டாக்டரின் முகத்தை. அவரும் கண்ணாடி முன்னால் நின்று ஒரு சிரிப்பைப் பழகி வைத்திருந்தார்.

எட்டாவது மாதம் கணக்கு டீச்சர் வந்தாள். நாற்பத்தொரு வயது. "மத்தியானம் கிளாஸ் இருக்கு டாக்டர், அதுக்குள்ள அனுப்பிடுவீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுப் படுத்தாள். அறையை இருட்டாக்கியிருந்தார்கள். அவர் கண் திரையில், குடலின் ஒரு மடிப்புக்குப் பின்னால் இருந்த சின்னக் கட்டியில். இயந்திரம் கத்தியது, சிஸ்டர் அமுக்கினாள். மறுபடி கத்தியது, அமுக்கினாள். மூன்றாவது முறை கத்தியபோது பட்டை இறுகியிருக்கவில்லை என்பதை யாரும் பார்க்கவில்லை. விளக்கைப் போட்டபோது டீச்சரின் உதடு நீலம் பூத்திருந்தது; மூச்சு நின்றிருந்தது.

வழக்கு மூன்றாவது வருடத்தில் நடக்கிறது. குற்றம் நிரூபணமானால் சிறை; டாக்டர் பட்டம் இருந்தும் இல்லாத மாதிரி. தப்பிக்க வக்கீல் ஒரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அன்றைக்கு மயக்க டாக்டர் ஊரில் இல்லை, தள்ளிப்போடவும் முடியாத நிலை, வேறு வழியில்லாமல்தான் இவரே மருந்து கொடுத்தார் என்பது. "அதை அவரே வந்து கூண்டுல ஏறிச் சொல்றேங்கிறாரு சார். ஃப்ரெண்டுன்னா இப்படி இருக்கணும். நீங்க குடுத்து வச்சவரு."

ஸ்கோப் டாக்டர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று இரண்டு முறை நெஞ்செரிச்சல் மாத்திரை போட்டுக்கொண்டார்.

சாட்சி சொல்ல மயக்க டாக்டர் வந்த அன்று, வாசலில் பெயர் கூப்பிடும் டவாலி ஓடிவந்தார். "சார்! என் சம்சாரத்துக்குப் பித்தக் குழாயில கல்லு எடுத்தீங்களே, நல்லா இருக்கா சார். சாகுற வரைக்கும் உங்களை மறக்க மாட்டோம்." அந்தக் கல்லை இரண்டு மணி நேரம் போராடி எடுத்தவர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். டவாலி அவரைத் தோளால் ஒதுக்கி, "கொஞ்சம் நகருங்க சார், சாட்சி போகணும்" என்றார்.

மயக்க டாக்டர் கூண்டேறினார். நீதிபதிக்கே அவரைப் பார்த்ததும் முகம் இளகிய மாதிரி இருந்தது. வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சம்பவத்தன்னைக்குக் காலைல நீங்க எங்க இருந்தீங்க டாக்டர்?" என்றார்.

"கீழ்த்தளத்துல இருந்தாரு."

சொன்னது ஸ்கோப் டாக்டர். குற்றவாளிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். "டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரு. கூப்பிட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல வந்திருப்பாரு. நான்தான் கூப்பிடல."

வக்கீல் தலையில் கை வைத்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் கூப்பிடல?"

"வந்தா, அவருதான் காப்பாத்துனாருன்னு சொல்லுவாங்க."

தட்டச்சுச் சத்தம் நின்றது. "இதையும் அடிக்கணுமாங்க ஐயா?" என்று தட்டச்சுக்காரம்மா கேட்டாள். நீதிபதி தலையசைத்தார். மயக்க டாக்டரின் முகத்தில் சிரிப்பில்லை. முப்பது வருடத்தில் அவரை அப்படிப் பார்த்ததில்லை. ஸ்கோப் டாக்டருக்கு அது ஒரு நொடி இனித்தது. அவரால் காப்பாற்றப்பட்டவர்கள் வரிசையில் தானும் போய் நிற்கவில்லை என்ற இனிப்பு அது. அடுத்த நொடி, எதைச் சொல்லிவிட்டோம் என்பது உறைத்தது.

வராந்தாவில் மயக்க டாக்டர் பின்னாலேயே வந்தார். "ஏன்டா இப்படிப் பண்ணுன? நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன்ல?"

"அதனாலதான்டா."

அப்போது டீச்சரின் புருஷன் வெளியே வந்தார். மூன்று வருடமாக ஒரு வாய்தா விடாமல் வந்து, இந்தப் பக்கம் ஒருமுறைகூடப் பாராதவர். இன்று நேராக இவர்களை நோக்கி நடந்தார். ஸ்கோப் டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவருக்கு எதிரே வந்து நின்றார். ஒரு அறையோ ஒரு வசவோ, எதுவானாலும் அது தனக்கே வரட்டும் என்பது போல. அந்த மனிதர் அவரைச் சுற்றிக்கொண்டு போய் மயக்க டாக்டரின் முன்னால் நின்றார்.

"நிஜமாவே கீழதான் இருந்தீங்களா சார்?"

"இருந்தேங்க."

அந்த மனிதர் மயக்க டாக்டரின் முழங்கையைப் பற்றிக்கொண்டு குலுங்கி அழுதார். ஸ்கோப் டாக்டர் கழற்றிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பிடியையே பார்த்தபடி நின்றார்.

தீர்ப்பு அடுத்த மாதம் பத்தொன்பதாம் தேதி. டாக்டர் இப்போது ஜாமீனில் வீட்டில் இருக்கிறார்.