தங்கியிருப்போர்

வெள்ளவத்தைப் பஸ் தரிப்பில் நிற்கும்போது இராசரத்தினம் பஸ்ஸைப் பார்ப்பதில்லை. கடைப் பலகைகளைப் பார்ப்பார். ஒரு மருந்துக்கடையின் பெயரில் மெய்யெழுத்துப் புள்ளி விடுபட்டிருந்தது. உள்ளே ஏறி, "தம்பி, இஞ்சை ஒரு குத்து இல்லை" என்றார். "ஊசி குத்துற ஆள் லீவு ஐயா, நாளைக்கு வாங்கோ" என்றார் கடைக்காரர். இதற்குள் பஸ் போய்விட்டது.

வேலையில் இருந்த காலத்தில் அவர் நிறுவைப் பரிசோதகர். அவரைக் கண்டதும் கடைக்காரர்கள் தராசுத் தட்டின் அடியில் ஒட்டிவைத்த புளியை உரித்தெடுப்பார்களாம். இது அவர் சொல்லும் கதை, சாட்சி இல்லை. ஓய்வு பெற்றபின் சொற்களை நிறுக்கிறார். ஒரு சொல் தன் எடைக்குமேல் பொருள் சொல்லக் கூடாது என்பது அவருடைய கொள்கை. கொள்கையில் குற்றமில்லை. அதோடு குடித்தனம் நடத்துகிறவர் அவருடைய மனைவி கௌரி.

கௌரிக்கு ஒரு கண்ணில் வெண்புரை முற்றிவிட்டது, மற்றதிலும் தொடங்கிவிட்டது. தேநீரில் உப்பு விழுகிறது. வாசல் படலையில் நிற்பது மீன்காரரா மருமகனா என்று குரல் கேட்டபிறகே சொல்கிறார். கண்ணை வெட்டிப் புரையை எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். அந்தச் செலவைத் தாங்க ஒரே வழி, ஓய்வூதியர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்புறுதி. இருக்கிற நோயை மறைக்காமல் எழுதினால் அதற்கும் பணம் உண்டு. ஆனால் பதிவு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

அவருடைய ஒழுங்கையில் குடியிருக்கும் ஓய்வூதியர்கள் ஆளுக்கொரு விதமாகப் பிழைவிட்டார்கள். மஜீட் மாஸ்டர், முதலில் நோய் வருத்தம் வரட்டும், பிறகு சேருவோம் என்று இருந்துவிட்டார். இன்னொருவர் வருடக்கணக்காக இன்சுலின் ஏற்றிக்கொண்டே, கண்ணூறு படும் என்று பயந்து, நோய் எதுவுமில்லை என எழுதிக் கொடுத்தார். இரண்டையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் இராசரத்தினம்.

விண்ணப்பம் எடுக்க ஓய்வூதியக் கந்தோருக்குப் போனபோது சிங்களப் படிவத்தையும் ஆங்கிலப் படிவத்தையும் நீட்டினார்கள். வேலைக்காலம் முழுவதும் அந்த இரண்டு மொழிகளில்தான் எழுதினார். இரண்டும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும், எங்கள் மொழிக்கு என்ன வருத்தம் என்று கேட்டு, தமிழ்ப் படிவத்தைத் தேடி எடுப்பித்து வாங்கிவந்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்து, ஒரு கேள்வி விடாமல் நிரப்பினார்.

வெள்ளிக்கிழமை கௌரியையும் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்று படிவத்தை நீட்டினார். கருமபீடத்தில் இருந்த நிஷாந்தி, கொட்டாஞ்சேனைப் பிள்ளை, வாசித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள்.

"ஐயா, இந்த நாலு பேரும் யாரு? உங்கட பிள்ளைகளா?"

"மூண்டு பேர் மேல்மாடியிலை அறை எடுத்திருக்கினம். நாலாவது, இவவின்ரை மச்சான். கனடா. வாற கிழமை போயிடுவார், அதையும் அடைப்புக்குறிக்குள்ளை போட்டிருக்கிறன்."

"இவங்கட பேரை ஏன் எழுதினீங்க?"

"தங்கியிருப்போர் எண்டு கேட்டிருக்கிறியள். தங்கியிருக்கிறவையை எழுதினனான்."

நிஷாந்தி உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். அது வீட்டில் தங்குகிறவர்கள் அல்ல, அவருடைய வருமானத்தில் தங்கி வாழ்கிறவர்கள் என்று விளங்கப்படுத்திவிட்டு, அம்மாவின் பெயர் எங்கே என்று கேட்டாள்.

"அவ ஏன் தங்கிறா? அது அவவின்ரை சீதன வீடு."

பக்கத்தில் நின்ற கௌரி வாய் திறந்தார். "அப்பிடிப் பாத்தா, பிள்ளை, அந்த வீட்டிலை தங்கியிருக்கிறது இவர்தான். மேலை இருக்கிறவை வாடகை எண்டாலும் தருகினம்."

வரிசை சிரித்தது. நிஷாந்தி புதுப் படிவம் ஒன்றை எடுத்து வைத்தாள். அம்மாவின் பெயர் இல்லாவிட்டால் கண்ணுக்கு ஒரு சதமும் கிடைக்காது, இன்றைக்குப் பிறகு எழுதியும் பயனில்லை என்றாள்.

இராசரத்தினம் மற்றப் பகுதிகளை விரைவாக நிரப்பினார். தங்கியிருப்போர் என்ற இடத்தில் பேனை நின்றது. ஓய்வூதியம் புத்தகத்துக்கும் பத்திரிகைக்கும் போகிறது. உலை கொதிப்பது கௌரியின் மேல்மாடி வாடகையில். இது அவருக்குத் தெரியாததல்ல. தராசில் வைத்துப் பார்க்கும் தேவைதான் இதுவரை வரவில்லை. இப்போது தட்டு எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு எதிராக எழுதி, கீழே 'மேற்கூறிய யாவும் உண்மை' என்று கையொப்பமும் வைக்க வேண்டும்.

"பொய்யெல்லோ எழுதச் சொல்லுகினம்" என்றார், கௌரிக்கு மட்டும் கேட்க.

"எழுதுங்கோப்பா. கண் தெரிஞ்ச பிறகு நான் வந்து பிழை திருத்துறன்."

அவர் குனிந்தார். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளை பார்த்தெழுதிவிடாமல் மறைப்பதுபோல், இடது கையைத் தாளின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு எழுதினார். அந்தக் கையைக்கூடச் சரியாகக் காண முடியாத கௌரி, மரியாதையாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.