அண்ணன் திறந்துவைத்த படல்

அண்ணன் ஓர் ஒற்றர் என்று நான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். இதை அச்சில் போட வேண்டாம் என்று என் மனைவி சொன்னாள். என் அறிவின் அளவு சொந்தபந்தம் அனைவருக்கும் ஏற்கெனவே தெரியும் என்பதால் போட்டுவிட்டேன். நாடு நாடாகப் போகிறார், கோட்டுப் போட்டவர்களோடு உட்கார்ந்து டீ குடிக்கிறார், அதற்குச் சம்பளமும் வருகிறது என்றால் வேறு என்ன நினைப்பது?

பந்தல்குடிக்குத் தெற்கே மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அருப்புக்கோட்டையில் படித்து, வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர் அண்ணன். அப்பா காலமான பிறகு தங்கையின் கல்யாணமும் என் படிப்பும் அவர் தலையில்தான். நான் பாதியில் நின்றது அவர் குற்றமில்லை. கடைசியில், அண்டை நாடுகள் சேர்ந்து அமைத்த வணிகக் கூட்டமைப்புக்குத் தலைமைச் செயலாளராக இருந்தார். ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன்.

"அங்க என்னதாண்ணே வேலை?"

"லாரி எல்லைக்கு வந்ததும் லோடை இறக்கி, அந்த நாட்டு லாரியில ஏத்துறாகடா. அதே லாரி நேராப் போகணும். அதுக்குப் பேசிக்கிட்டிருக்கோம்."

"எத்தனை வருஷமா?"

"பேசிக்கிட்டிருக்கோம்."

ஓய்வுபெற்று அவர் ஊருக்கு வந்ததும் என் சந்தேகம் முற்றியது. எங்கள் நிலத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் சித்தப்பா மகன் முத்துராசுவின் நிலம். பழைய சண்டை ஒன்றில் அவன் வண்டிப்பாதையை முள் படலால் அடைத்தான். நான் எங்கள் கிணற்றிலிருந்து அவனுக்குப் போன வாய்க்காலை அடைத்தேன். என் மிளகாய் மூட்டைகள் தலைச்சுமையாக ஊரைச் சுற்றிப் போயின. அவன் மிளகாய்ச் செடி வாடியது. எங்களுக்குள் பேச்சில்லை. அந்த வீட்டுக்குத்தான் அண்ணன் சாயங்காலம்தோறும் காபி குடிக்கப் போனார்.

கிணற்றை எழுதிக் கொடுத்துவிடுவாரோ என்று பயந்து, கருவேல மரத்துக்குப் பின்னால் ஒளிந்து ஒட்டுக்கேட்டேன். ஆட்டுக்கு வந்த சீக்கைப் பற்றியே பேசினார்கள். முள் குத்தியதுதான் மிச்சம். திரும்பி வந்த அண்ணன் மரத்தருகே நின்றார்.

"உனக்கும் காபி போட்டு வச்சிருந்தாக. உள்ள வந்திருக்கலாம்லடா."

பிறகு எங்கள் இருவரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மிளகாய்க்கு மட்டும். இந்த வெள்ளாமைக்கு மட்டும். அவன் படலைத் திறக்கட்டும், நீ தண்ணிய விடு."

"அவனை நம்ப முடியாதுண்ணே."

"நான் நம்பச் சொல்லலையே. சந்தேகப்பட்டுக்கிட்டே திற. அவன்கிட்டயும் அதத்தான் சொன்னேன்."

திறந்தோம். தண்ணீர் அவன் பருத்திக்குப் போய்விடாதபடி நான் குடை பிடித்துக்கொண்டு வாய்க்காலில் உட்கார்ந்தேன். எங்கள் டிராக்டர் பாதையைவிட்டு விலகாதபடி அவன் கம்போடு பின்னாலேயே நடந்தான். அடுத்த வெள்ளாமைக்கு அடைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. அண்ணனும் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

தையில் அண்ணனுக்கு நெஞ்சுவலி. மதுரைக்குக் காரை ஓட்டியவன் முத்துராசு. வழியில் அண்ணன் கேட்டது, "ரெண்டு பேரும் மிளகாய்ப் பழம் எடுத்தாச்சாடா?" என்பதுதான். உயிரோடு திரும்பி வரவில்லை.

எங்கள் உடன்பாடு எழுத்தில் இல்லை, அண்ணன் வாய்ச்சொல்தான். துக்க வீடு என்று நான் கிணற்று மோட்டாரைப் போடவில்லை. முத்துராசு அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டானோ என்னவோ, விடிந்ததும் வந்து வாய்க்காலைப் பார்த்துவிட்டுப் போகிறான். நான் எழுந்ததும் படலைப் பார்க்கப் போகிறேன். இரண்டு பேர் செடியிலும் பழம் சிவந்து நிற்கிறது.

பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், கடல் கடந்து வந்த அண்ணனின் நண்பர்கள், பந்தலும் சாப்பாடும் கவனித்த ஊரார் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுத்தபோது எங்கள் கிணற்றில் முதல் குடத்தை மொண்ட முத்துராசுவுக்கும்தான். இந்த நினைவு மலர்ப் பக்கத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் அவனிடம் காட்டினேன். முழுக்கப் படித்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"ஏலே, காரியம் முடிஞ்சதும் படலைக் கட்டிருவியா?" என்று கேட்டேன்.

"மொதல்ல நீ மோட்டாரப் போடு."