தாளத்துக்குப் பிந்தி

முதல் நாள் அவ வாயைத் திறந்ததுமே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பாட்டு கத்துக்க வந்த பொம்பள குசுகுசுன்னு பேசறா. தொண்டை கட்டியிருக்கான்னு கேட்டேன். இல்லையாம், எப்பவும் அப்படித்தானாம்.

நெய்வேலியில எங்க ப்ளாக்குல இருக்கறவங்களுக்கு இது புரியும். மைன்ஸ்ல நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற ஆளு பகல்ல தூங்குவாரு. அவர் எழுந்திருக்கற வரைக்கும் மிக்ஸி ஓடக்கூடாது, பிள்ளைங்க வாசல்ல பந்து போடக்கூடாது. குவார்ட்டர்ஸ்ல ஒட்டுச் சுவர், அதனால பக்கத்து வீடும் அடங்கித்தான் கிடக்கணும். மீறினா ப்ளாக்கே முறைக்கும். இவ புருஷன் மைன்ஸ்ல பெர்மனன்ட் தொழிலாளி. நைட் ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கிற ஆளு. கல்யாணம் ஆனதுலேர்ந்து பகல் பூரா இவளுக்கு குசுகுசுதான். அப்படிப் பேசினா தொண்டைக்கு இதம்னு ஊரே நம்புது. கிடையவே கிடையாது, அதுதான் தொண்டையப் போட்டு அரைக்கும்.

நான் ஒரு காலத்துல புதுச்சேரி ஓட்டல்ல ஜாஸ் பாடினவ. கல்யாணம் என்னை நெய்வேலிக்குக் கொண்டு வந்துடுச்சு, இங்க குரல் பயிற்சி குடுக்கறேன். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. பண்ருட்டிப் பக்கத்து ஊரு அவளுக்கு. பஜனைக் கோஷ்டியில பாடினவ. அந்தக் குசுகுசுவைத் தோண்டி எடுத்துட்டுப் பார்த்தா அடியில அப்படி ஒரு கனமான குரல். என்கூட டிரம்ஸ் வாசிச்சவர் இன்னும் புதுச்சேரியில பேண்ட் வெச்சிருக்காரு. எங்க கிளப் ஆண்டு விழாவுக்கு வாசிக்க வர்றதா இருந்துச்சு. இவளைப் பத்தி அவர்கிட்ட சொன்னேன். விழாவுல ஒரு பாட்டு பாடட்டும், கேட்டுட்டு சரின்னா சனி ஞாயிறு புதுச்சேரியில நம்ம மேடையிலேயே பாடட்டும்னு சொன்னாரு.

சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சேன். மூச்சு இழுத்தா தோள் தூக்கக்கூடாது, விலா விரியணும். அதெல்லாம் பிடிச்சிக்கிட்டா. பிந்தி வர்றதுதான் வரல. ஜாஸ்ல தாளம் விழுந்த உடனே போய் அது மேல விழக்கூடாது. அது முன்னால போகட்டும்னு விட்டுட்டு சாவகாசமாப் பின்னால வரணும், அங்கதான் சுகமே. இவளோ தாளம் விழறதுக்கு முன்னாடியே பாய்வா. எத்தனை வாட்டி சொல்றது? ஒரு நாள் கத்திட்டேன், யாருடி உன்னைத் துரத்தறதுன்னு.

"லேட்டானா அடி வுழும்ங்க டீச்சர்" அப்படின்னா. அவ்வளவு சாதாரணமா.

அப்புறம்தான் புடவையை ஒதுக்கி விலாவைக் காட்டினா. கறுத்துப் போயிருந்துச்சு. டீ ஆறிப் போனா அடி. கதவு சத்தத்துல புருஷன் முழிச்சிக்கிட்டா அடி. வெளிய அந்த ஆளு பரம சாது, வணக்கம் சொன்னா குனிஞ்சு வணக்கம் சொல்வாரு. கொலைவெறி வந்துச்சு எனக்கு. இப்பவே போலீசுக்குப் போலாம் வான்னேன். மேடை முடியட்டும், அந்த பேண்டுல இடம் கிடைச்சிட்டா தங்கச்சி வூட்டுல இருந்துகினு பாடிப் பொழச்சிக்குவேன், அது இல்லாம வெளிய வந்தா மறுபடியும் இங்கதான் இழுத்துகினு வந்து வுடுவாங்கன்னு சொன்னா. பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்.

விழாவுக்கு முந்தின வாரம், பகல்ல என் வீட்டு முன் ரூம்ல ஜன்னலைச் சாத்திட்டு சன்னமாப் பாடிக்கிட்டிருந்தா. அவன் தூங்கறது அடுத்த வரிசை குவார்ட்டர்ஸ். எப்படிக் கேட்டுச்சோ, கதவைத் தள்ளிக்கிட்டு லுங்கியோட வந்தான். நேரா போய் அவ கழுத்தைப் பிடிச்சு சுவத்தோட அழுத்தினான். அவ கால் தரையில உதறுச்சு. நான் மைக் ஸ்டாண்டை எடுத்து அவன் முதுகுல ஓங்கி அடிச்சேன், இன்னொண்ணும் அடிச்சேன். கழுத்தை விட்டுட்டு என் முடியைப் பிடிச்சான். என் மண்டையை ஜன்னல் கம்பியில மோதினான். உதடு கிழிஞ்சு வாயெல்லாம் ரத்தம்.

அப்போ அவ கத்தினா.

"வுடுடா அவங்கள!"

தொண்டையில இருந்து வந்த சத்தம் இல்ல அது. விலா விரிஞ்சு, வயித்துக்கு அடியிலேர்ந்து வந்துச்சு. புருஷனை அவ 'டா' போட்டதே இல்ல. ப்ளாக்குல பகல்ல அப்படி ஒரு சத்தம் நாங்க யாருமே கேட்டதில்ல. கதவெல்லாம் படபடன்னு திறந்துச்சு. நைட் ஷிஃப்ட் ஆம்பளைங்க கண்ணு சிவக்க, லுங்கியை மடிச்சிக் கட்டிக்கிட்டு ஓடி வந்தாங்க. முதல்ல வந்தவர் எங்களைத் திட்டத்தான் வந்தாரு, மனுஷன் தூங்க வேணாமான்னு. அப்புறம் என் வாயைப் பார்த்தாரு, அவ கழுத்துல விரல் தடத்தைப் பார்த்தாரு. அவனைத் தரதரன்னு இழுத்துட்டுப் போய் ரோட்டுல போட்டு மிதிச்சாங்க. விழுந்த ஒவ்வொரு மிதிக்கும் என் வயிறு குளுந்துச்சு, ஏன் பொய் சொல்லணும்.

போலீஸ் வந்து அவனைக் கூட்டிட்டுப் போச்சு, அவ புகார் எழுதிக் குடுத்தா. ஆஸ்பத்திரியில அவ தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நாண் வீங்கியிருக்கு, விழா வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னுட்டாரு. பாக்க வந்த பொம்பளைங்க, ரகசியமாப் பேசினா தப்பில்லன்னு புத்தி சொன்னாங்க. நான் கையெடுத்துக் கும்பிட்டு அவங்களை வெளிய அனுப்பினேன். அவளை என் வீட்டுலயே வெச்சிக்கிட்டேன். ஊமையா இருந்தா, கையால சைகை காட்டிக்கிட்டு.

விழாவன்னிக்குக் காலையில அவன் பக்கத்து ஆளுங்க வந்து உக்காந்தாங்க. கேஸ் நின்னா பெர்மனன்ட் வேலை போயிடும், குடும்பம்னா அப்படி இப்படி இருக்கும், புகாரை வாபஸ் வாங்கும்மான்னாங்க. அவ பேசல. அவ பேசாததைப் பார்த்து, சரின்னு சொல்லிடுச்சு பொண்ணு, கிளம்பலாம்னு ஒரு பெரியவர் எழுந்துட்டாரு. எனக்கு வந்துச்சே கோவம்! நான் வாயைத் திறக்கறேன், அவ என் கையைப் பிடிச்சு நிறுத்தினா. மூச்சு இழுத்தா. தோள் தூக்கல.

"மாட்டேன்."

ஒரே வார்த்தை, முழுக் குரல்ல. ஓரத்துல கீறல் விழுந்திருந்துச்சு. ஐயோ, சாயங்காலத்துக்கு மிச்சம் இருந்ததையும் இதுல செலவு பண்ணிட்டாளே! வந்தவங்க செருப்பைத் தேடிக்கிட்டுப் போனாங்க.

சாயங்காலம் கிளப்புல மேடையேறினா. கழுத்தை மூட நான் துப்பட்டா குடுத்தேன், வாங்கி நாற்காலியில போட்டுட்டா. பழுப்பேறின தடம் அஞ்சு விரலும் லைட்டுல தெரிஞ்சுது. முன் வரிசையில எங்க ப்ளாக்கு ஆம்பளைங்க, நைட் ஷிஃப்டுக்குப் போகற டிரஸ்ஸோட. பாட்டை ஒரு சுருதி இறக்கச் சொல்லியிருந்தேன். பியானோ முன்னிசை முடிஞ்சதும், டிரம்ஸ்காரர் பிரஷ்ஷால இழைச்சுத் தாளத்தைக் கொண்டு வந்து அவ காலடியில வெச்சாரு.

அவ பாடல.

குரல் போயிடுச்சுன்னே நினைச்சேன். நான் எழுந்துட்டேன். அவ கண்ணை மூடாம எதிர்ல இருக்கற அத்தனை பேரையும் பார்த்தா. தாளம் போச்சு. போகட்டும்னு விட்டா. அப்புறம்தான் வந்தா, கீறல் விழுந்த குரலோட, நல்லாப் பிந்தி, சாவகாசமா.

யாரும் அவளை அடிக்கல.